உப்புக்குச் சப்பாணியும் செஞ்சிக் கோட்டையும்

சண்டை ஒரு பகடையில் ஆரம்பித்தது. இருபது முகம் கொண்ட பகடை. நண்பன் உருட்டினான், 18 விழுந்தது. ஆட்டத்தில் அவனுடைய பாத்திரம் ஒரு திருடன். ஒளிவதில் கெட்டிக்காரன் என்பதால் கூடுதலாக 9 உண்டு. மொத்தம் 27. எங்கள் ஆட்டத்தில் அது லேசில் விழாத எண்.

"நான் ஒளிஞ்சாச்சு. இப்ப காவக்காரனைத் தாண்டி உள்ள போறேன்" என்றான்.

"எப்படித் தாண்டுவ? நடுவுல பாலம் இருக்கு. பாலத்துல ஒரு மறைவும் கிடையாது. அந்தப் பக்கம் பந்தம் எரியுது. பாத்துடுவான்" என்றேன்.

"டேய், 27 போட்டிருக்கேன்!"

"போட்டிருக்க. ஆனா எதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்க?"

மேடவாக்கத்தில் என் வீட்டு ஹால், சனிக்கிழமை ராத்திரி. தரையில் ஐந்து பேர், நடுவில் நான் கையால் வரைந்த கோட்டைப் படம், ஆறிப்போன பரோட்டா. நாற்பது நிமிடம் வாதம் நடந்தது. ஒருவன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான், இன்னொருவன் போனில் தேடினான். ஒரே பத்தியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்தார்கள். கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டியவன் நான். காவல்காரன் பார்த்துவிட்டான் என்றேன். முரசு அடித்தது, திருடன் பிடிபட்டான். நண்பன் ஒன்றும் பேசாமல் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

ஒரு விளையாட்டுத் தீர்ப்புக்காக முப்பது வயதைத் தாண்டிய மனிதர்கள் முகம் திருப்பிக்கொள்வார்களா என்று கேட்கலாம். கேரம் போர்டுக்கே பேசாமல் போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இது கொஞ்சம் வேறு. 'ஒளிந்திருப்பது' என்றால் என்ன என்ற கேள்வியில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு 200 வருட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி என் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது.

*

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதி வெளியிட்ட ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள்: வீரன், மந்திரவாதி, திருடன். ஒருவர் மட்டும் நடத்துநர். உலகத்தை விவரிப்பது, எதிரிகளை இயக்குவது, பகடை சொன்னதற்குப் பொருள் சொல்வது எல்லாம் அவர் வேலை. 'கதவைத் திறக்கிறேன்' என்பீர்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி முழுக்கக் கூட்டாகக் கதை சொல்வது மாதிரி. ஒரே வித்தியாசம், அடுத்து என்ன ஆகும் என்பது கதை சொல்பவருக்கும் முழுசாகத் தெரியாது.

இந்த நடுவர் எங்கிருந்து வந்தார்? பிரஷ்யாவின் ராணுவத்திலிருந்து. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, அதைத் திருத்தி 1824-இல் விதிகளாக வெளியிட்டார். பெயர் கிரீக்ஸ்ஷ்பீல், அதாவது போர் விளையாட்டு. சதுரங்கத்தில் இரண்டு பேருக்கும் எல்லாக் காய்களும் தெரியும். யானை எங்கே நிற்கிறது என்று யாரும் ஒளிக்க முடியாது. நிஜப் போரில் மலைக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. சின்ன ரைஸ்விட்ஸ் இந்த அறியாமையை மேசைக்குக் கொண்டுவந்தார். ஆடுபவர்கள் காயைத் தாங்களே நகர்த்துவதில்லை. ஆணையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எந்தப் படை எந்தப் படையின் கண்ணில் படும் என்று நடுவர் தீர்மானித்து, பட்டால் மட்டும் காயை வரைபடத்தில் வைப்பார்.

அந்த நடுவருக்கு ரைஸ்விட்ஸ் கொடுத்த ஜெர்மன் பெயருக்கு 'நம்பிக்கைக்குரியவர்' என்று பொருள். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இரண்டு பக்க ரகசியமும் அவரிடம் இருக்கிறது. அவர் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று நம்பித்தான் இரண்டு பேரும் ஆடுகிறார்கள்.

விதிகள் வளர்ந்தன, அட்டவணைகள் பெருகின, ஆட்டம் நத்தை ஆனது. 1876-இல் ஃபெர்டி து ஃபெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி, அட்டவணையையும் பகடையையும் ஓரம் கட்டிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் சொல்லையே முடிவாக வைத்து ஆட்டத்தை நடத்திக் காட்டினார். அன்றிலிருந்து இரண்டு கட்சி: விதி சொல்லட்டும் என்பவர்கள், மனிதர் சொல்லட்டும் என்பவர்கள். என் ஹாலில் நடந்த சண்டையும் அதே இரண்டு கட்சிச் சண்டைதான்.

கடலைத் தாண்டி இந்த மரபு அமெரிக்காவுக்குப் போனது. சார்லஸ் டோட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880-இல் 'ஸ்ட்ராடெகோஸ்' என்று ஒரு போர் விளையாட்டுப் புத்தகம் எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அதை நூலகத்தில் கண்டெடுத்தார். 1969-இல் அவர் நடத்திய ஓர் ஆட்டத்தில் ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு ரகசிய நோக்கம். அந்த வட்டத்தில் இருந்தவர்தான் ஆர்னசன்.

1974 புத்தகத்தில் ஒளிவதற்கென்று பெரிய விதி கிடையாது. இரண்டு கூட்டம் எதிர்ப்படும்போது ஆறுமுகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அந்தப் பக்கம் சுதாரிக்கவில்லை. கதவில் காதை வைத்தால் மனிதனுக்கு ஆறில் ஒரு வாய்ப்பு. மற்றபடி, 'தூணுக்குப் பின்னால் நிற்கிறேன்' என்று சொன்னால் நடுவர் யோசித்துப் பதில் சொல்வார்.

1975-இல் வந்த துணைநூலில் திருடன் என்ற பாத்திரம் நுழைகிறான். அவனுக்கு ஓர் அட்டவணை: பூட்டுத் திறக்க இத்தனை சதவீதம், சத்தமில்லாமல் நடக்க இத்தனை சதவீதம். நிழலில் மறைய, முதல் நிலைத் திருடனுக்கு 10 சதவீதம்.

பாவம், திருடன். அதுவரை தூணுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இப்போது திருடனுக்கென்று எழுதிவிட்டதால் மற்றவர்களால் முடியாது என்று ஒரு சாரார் படித்தார்கள். நிபுணனுக்கே பத்துக்கு ஒன்றுதான் என்றால் மற்றவர்களுக்கு? அதை விதி சொல்லவில்லை. ஒன்றை ஒருவருக்கு எழுத்தில் கொடுத்தால், எழுதாமல் அனுபவித்துக்கொண்டிருந்த மற்றவர்களிடமிருந்து அது பறிபோகிறது. வாய்க்கால் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை.

2000-இல் வந்த பதிப்பு மறைவதையும் ஓசையின்றி நகர்வதையும் இரண்டு திறமைகளாக வைத்து, அவற்றுக்கு எதிராகக் கண்ணுக்கு ஒரு திறமை, காதுக்கு ஒரு திறமை என்று நிறுத்தியது. 2008-இல் நாலும் இரண்டாயின: பதுங்கல், கவனிப்பு. குறிப்பாகத் தேடாமல் சும்மா நிற்பவனுக்கும் ஒரு 'செயலற்ற கவனிப்பு' எண் வந்தது. 2014 பதிப்பு, உன்னைத் தெளிவாகப் பார்க்க முடிகிறவனிடமிருந்து நீ ஒளிய முடியாது என்றது. 'தெளிவாக' என்றால் என்ன என்பது நடுவர் தலையில் விழுந்தது. 2024 பதிப்பு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பார்த்தது. அடர்ந்த இருட்டிலோ போதுமான மறைவின் பின்னாலோ எதிரியின் பார்வைக்கு வெளியே இருந்துகொண்டு 15-க்குக் குறையாமல் போட்டால், உனக்கு 'கண்ணுக்குத் தெரியாதவன்' என்ற நிலை கிடைக்கும். கிசுகிசுப்பை மீறிச் சத்தம் போட்டால், தாக்கினால், எதிரி கண்டுபிடித்தால் அது போய்விடும்.

சரி, மறைவை விட்டு வெளிச்சத்துக்கு நடந்து வந்தால்? 'கண்டுபிடித்தால்' என்பதற்குள் சும்மா திரும்பிப் பார்ப்பதும் அடங்குமா, எதிரி மெனக்கெட்டுத் தேட வேண்டுமா? இங்கேதான் நாற்பது நிமிடம் போனது. 27 வாங்கியவன் கையில் மாயக் கம்பளம் இருக்கிறது என்கிறது ஒரு வாசிப்பு. பாலத்தில் கால் வைத்த நொடியே அது போய்விட்டது என்கிறது இன்னொன்று.

நான் பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவன். எனக்கு இது பழகிய தப்பு மாதிரி தெரிந்தது. ஒரு பொருளின் மேல் 'மறைந்திருக்கிறது: ஆம்/இல்லை' என்று ஒரே ஒரு கொடி நட்டுவிட்டோம். பார்ப்பவர்கள் ஐந்து பேர் என்றால் ஐந்து ஆம்/இல்லை வேண்டும். ஒளிந்திருப்பது ஒளிபவனின் குணம் இல்லை. அவனுக்கும் பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் நடுவே இருக்கிற ஒன்று அது. 'நான் ஒளிந்திருக்கிறேன்' என்பது பாதி வாக்கியம். யார் கண்ணிலிருந்து என்று சேர்த்தால்தான் முழுசாகும்.

*

இதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, கூட்டேரிப்பட்டு.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். மயிலம் முருகன் கோவிலுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் கூட்டுரோடு என்றால் பலருக்குத் தெரியும். பெரிய லீவில் சாயங்காலம் ஆனால் தெருவில் ஐஸ்பாய். 'ஐ ஸ்பை' என்ற இங்கிலீஷ் எப்படியோ எங்கள் தெருவுக்கு வந்து ஐஸும் பாயும் ஆகியிருந்தது. ஒருத்தன் சுவற்றில் முகம் புதைத்து எண்ணுவான், மற்றவர்கள் ஒளிவார்கள்.

அதில் மூன்று விதமாகத் தப்பிக்கலாம். முதலாவது, கண்ணில் படாமல் இருப்பது: சவுக்குக் கட்டைக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில், நின்ற லாரிக்கு அடியில். இரண்டாவது, சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்வது. எண்ணுபவன் முதுகைப் பார்த்துப் பெயர் சொல்லி ஐஸ்பாய் என்பான். பெயர் தப்பாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இங்கே பார்க்கப்பட்டோம், ஆனால் அடையாளம் தெரியவில்லை. மூன்றாவது வகை எனக்கே நடந்தது. எனக்கு ஐந்து வயசு இருக்கும், கூட்டத்தில் நான்தான் சிறுசு. வைக்கோல் போருக்குப் பின்னால் பாதி உடம்பு தெரிய உட்கார்ந்திருப்பேன். பெரியப்பா மகன் நேராக என்னைப் பார்ப்பான், பார்த்துவிட்டுத் தாண்டிப் போவான். ஏனென்றால் நான் உப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் உண்டு, ஆனால் கணக்கில் இல்லை.

படாமல் இருத்தல், பட்டும் தெரியாமல் இருத்தல், தெரிந்தும் விடப்படுதல். 50 வருடமாகத் திருத்தப்படும் அந்த விதிப் புத்தகங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் அளக்கின்றன. மாறுவேடத்துக்கு எங்கோ ஓரத்தில் இரண்டு வரி இருக்கும். மூன்றாவதற்கு எண்ணே கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் செஞ்சி. நான் வரைந்த படம் அந்தக் கோட்டைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் இணைத்து மதில். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு பள்ளம், அதன் மேல் பாலம். திருடன் மாட்டிக்கொண்ட பாலம் அதுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி. இந்த மூன்று விதத் தப்பித்தலும் அந்த ஒரே கோட்டையின் வரலாற்றில் இருக்கிறது.

காலவரிசையில் முதலில் வருவது சட்டை மாற்றல். 1689 மார்ச்சில் ஔரங்கசீப் சம்பாஜியைக் கொன்றார். அவர் தம்பி ராஜாராம் மன்னரானார். மராட்டியத்தில் முகலாயப் படை நெருக்கியதால் பன்ஹாளா கோட்டையிலிருந்து கிளம்பி, ஒரு சின்னக் கூட்டத்தோடு யாத்ரீகர் வேடத்தில் தெற்கே வந்தார். போக்கிடம், அவர் அப்பா சிவாஜி 1677-இல் பிடித்து வைத்திருந்த செஞ்சி. மராத்தி ஏடுகள் சொல்லும் கதைப்படி, பெங்களூருக்குப் பக்கத்தில் தங்கியபோது கூட வந்தவர்கள் ஒருவருடைய காலைக் கழுவிவிட்டதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. யாத்ரீகனுக்கு இத்தனை மரியாதையா? செய்தி முகலாய அதிகாரிக்குப் போனது. ராஜாராம் முன்னால் நழுவ, கண்டோ பல்லாள் முதலிய சிலர் பின்தங்கிப் பிடிபட்டார்கள். சித்திரவதையிலும் வாய் திறக்கவில்லை. நவம்பரில் ராஜாராம் செஞ்சி வந்து சேர்ந்தார்.

இங்கே யாரும் இருட்டில் பதுங்கவில்லை. பட்டப்பகலில் எல்லோர் கண் முன்னாலும் நடந்து வந்தார்கள். காட்டிக் கொடுத்தது வெளிச்சமோ ஓசையோ இல்லை, ஒரு பழக்கம். பார்ப்பவனுக்கு என்ன தெரியும் என்பதுதான் இங்கே கேள்வி. யாத்ரீகன் எப்படி நடத்தப்படுவான் என்று தெரிந்தவன் கண்ணுக்குத்தான் அந்தத் தண்ணீர்ச் சொம்பு தப்பாகப் பட்டது.

அடுத்தது, தெரிந்தும் விடப்படுதல். 1690-இல் முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். முடிந்தது 1698-இன் தொடக்கத்தில். நடுவில் என்னென்னவோ நடந்தது. ஔரங்கசீப் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. முகலாய முகாமிலிருந்த இளவரசர் காம் பக்ஷ் கோட்டைக்குள் இருந்தவர்களோடு ரகசியமாகப் பேசினார் என்று அவர் பக்கத்துத் தளபதிகளே அவரைக் காவலில் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் சாப்பாடு இல்லாமல் முற்றுகையிட்டவர்களே வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். இந்தப் போரை முகலாயப் பக்கத்திலிருந்து நேரில் பார்த்த பீம்சேன் என்ற எழுத்தர், ஜுல்ஃபிகார் நினைத்திருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம், இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம் என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்.

கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பி, வேலூர் வழியாக மராட்டியம் போய்ச் சேர்ந்தார். இத்தனை வருடம் சுற்றி வளைத்திருந்த சேனையின் நடுவே எப்படி? ஜுல்ஃபிகார் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பதே பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. மராத்தி ஏடுகளில் இன்னொரு விவரம் இருக்கிறது. முகலாயர் பக்கம் வேலை பார்த்த கணோஜி ஷிர்கே என்ற மராத்திய சர்தார் உதவினார். அதற்கு விலையாகத் தன் பரம்பரை நில உரிமையை விட்டுக்கொடுத்தவர் அதே கண்டோ பல்லாள். இதைப் பகடையில் எப்படிப் போடுவது? ராஜாராம் 30 போட்டாரா? காவல்காரர்கள் எல்லோரும் வரிசையாக 1 போட்டார்களா? ஒருவனும் குருடனாக இல்லை. பார்ப்பவனுக்குப் பார்க்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் விதிப் புத்தகத்துக்குப் பிடித்த இருட்டு. 1750 செப்டம்பர் 11. முகமது அலியின் படை தோற்றுச் செஞ்சியில் வந்து ஒதுங்கியிருந்தது. புதுச்சேரியிலிருந்து டூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படையின் முன்னணியை நடத்தி வந்தவர் புஸ்ஸி. வெளியே நின்ற படையை விரட்டிவிட்டு, இரவில் வெடிவைத்துக் கீழ்க்கோட்டையின் வாசலைத் தகர்த்து உள்ளே நுழைந்தார்கள். இப்போது மூன்று மலையிலிருந்தும் மேலே இருந்தவர்கள் சுடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் 1763-இல் வெளியிட்ட நூலில் சொல்வது இது: நிலா மறைவதற்காகக் காத்திருந்தார்கள். நிலா மறைந்ததும் மூன்று மலை மேலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடியும்போது மூன்றும் அவர்கள் கையில். பகலில் திரும்பிப் பார்த்தபோது, இதிலா ஏறினோம் என்று அவர்களே மலைத்துப் போனார்களாம்.

ஏறியவர்கள் கூட்டம் ஓசையில்லாமல் போகவில்லை. துப்பாக்கிச் சத்தம், வாசல்களில் வெடி. வருகிறார்கள் என்று மேலே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கே, எத்தனை பேர், எந்தப் படியில் என்பதுதான் தெரியாது. 'தெரியும்', 'தெரியாது' என்ற இரண்டு நிலைக்கு நடுவே எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது! விதிகள் இந்த நடு இடத்தில்தான் திணறுகின்றன. இன்னொன்றும் உண்டு. நாம் படிக்கிற கணக்கில் ஏறியவர்களின் ராத்திரி இருக்கிறது. மேலே காவல் நின்றவர்களின் ராத்திரி இல்லை. நிஜப் போரில் இரண்டு பக்கமும் தெரிந்த நடுவர் கிடையாது. வரலாறு எழுதுகிறவர் பிற்பாடு வந்து அந்த நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார், பாதிச் சீட்டு மட்டும் கையில் வைத்துக்கொண்டு.

*

செஞ்சிக்கு முன்னாலும் இந்த மண்ணில் ராத்திரி வேலை நடந்திருக்கிறது. மாடு பிடிக்கிற வேலை.

தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சிக்குப் பதினான்கு துறை சொல்கிறது. முதல் முறை வரிசையாகப் படித்தபோது, ஒரு நல்ல நடுவர் எழுதி வைத்த ஆட்டக் குறிப்பு மாதிரி இருந்தது எனக்கு. படை கிளம்பும் ஓசை, நற்சொல் கேட்டல், அக்கம்பக்கத்தார் அறியாமல் போவது, ஒற்றர் வேவு பார்த்து வந்து சொல்வது, ஊரைச் சூழ்ந்து இருப்பது, பிறகு ஆகோள், அதாவது மாட்டைக் கவர்வது. கடைசியில் பங்கு பிரித்து, குடித்துக் கூத்தாடி, கொடுத்து முடிப்பது. ஒளிந்து போவது இதில் ஒற்றைச் செயல் இல்லை. கேட்பது, அறிவது, காத்திருப்பது என்று பல படிகளுக்கு நடுவில் அது ஒரு படி. இலக்கணக்காரர் சும்மா ஏட்டில் எழுதியதும் இல்லை இது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல்லில் ஆகோள் என்ற அதே சொல் வெட்டியிருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த நடுகல் செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கிடைத்தது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாட்டைக் காக்கச் செத்த வீரனோடு அவன் நாயும் கல்லில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயரும் புகழும் கல்லில்.

அந்தக் கள்ளர்கள் மனிதக் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். இருட்டு, புதர், ஓசையற்ற நடை எல்லாம் சரியாக இருந்திருக்கும், 27-ஏ போட்டிருக்கலாம். கோவிவனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதுதான் அதன் கேள்வி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் நாய்க்கு மோப்பச் சலுகை உண்டு; பகடையில் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். ஆனால் ஒரே இருட்டு வீரனுக்கு இருட்டாகவும் நாய்க்கு வெறும் வெட்டவெளியாகவும் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கூட்டல் எண் சொல்லாது. யார் கண்ணிலிருந்து என்று மட்டும் இல்லை, யார் மூக்கிலிருந்து என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது நான் ஒரு பாத்திரம் ஒளியும்போது பகடைக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கிறேன். பார்ப்பவனுக்கு எது எட்டும்? எட்டியதை என்னவென்று புரிந்துகொள்ள அவனுக்கு என்ன தெரியும்? புரிந்தபின் அவன் என்ன செய்ய விரும்புவான்? பாதி நேரம் பகடையே தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டால் எந்தக் கேள்விக்காக உருட்டுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தக் கேள்விகளை அன்றைக்கே கேட்டிருந்தால்? பாலம் திறந்த வெளி, பந்தம் எரிகிறது. காவல்காரன் அந்தப் பக்கம் பார்த்தால் பார்ப்பான். ஆனால் அவன் ஏன் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? எட்டு வருடமாக முற்றுகையில் கிடக்கும் கோட்டை, பாதி வயிறு சோறு, பாக்கிச் சம்பளம். குளிருக்குப் பந்தத்தின் மேல் கை நீட்டி நிற்கிறவன் கண் இருட்டுக்குப் பழகாது. அவன் திரும்பிப் பார்த்தான் என்று சொன்னது பகடை இல்லை, விதி இல்லை. நான்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. திருடன் பிடிபட்டால் அவனைக் கோட்டைத் தலைவன் முன் கொண்டு நிறுத்தும் காட்சியை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தேன். வசனம்கூடத் தயார். அவன் தப்பித்திருந்தால் எல்லாம் வீண். பகடை உருளும் முன்னாலேயே காவல்காரன் திரும்பிவிட்டான். 'எதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்க' என்று நான் கேட்டது விதியைக் காப்பாற்ற இல்லை. நியாயமான கேள்விதான், கேட்ட மனசு நியாயமானது இல்லை. இரண்டு பக்க ரகசியமும் வைத்திருந்த 'நம்பிக்கைக்குரியவர்', தெரிந்ததைத் தெரியாதது மாதிரி வைத்துக்கொள்ளத் தவறிவிட்டார்.

மூன்றாவது வாரம் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன், நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்டா, பகடைக்கு முன்னாடியே, என்று.

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"நான் உருட்டறப்ப நீ பகடையவே பாக்கல. நோட்டப் பாத்துட்டு இருந்த. அடுத்த பக்கத்தத் திருப்பி வெச்சிட்ட."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவனே, "தோக்கறது ஒண்ணும் இல்லடா. உப்புக்குச் சப்பாணி ஆக்கிட்டியேன்னுதான் கோவம்" என்றான்.

அந்தச் சொல்லை நான் எப்போதும் கனிவான சொல்லாகவே நினைத்திருந்தேன். ஐந்து வயசில், பெரியப்பா மகன் பார்த்தும் பார்க்காமல் போனபோது, நான் சூப்பராக ஒளிந்ததாக நினைத்துச் சிரித்தேன். அன்று அது கருணை. முப்பது வயசு ஆளுக்கு அதையே செய்தால், உன் ஆட்டம் கணக்கில் இல்லை என்று அர்த்தம்.

அந்தச் சனிக்கிழமை அவன் வந்தான். திருடனைக் கோட்டைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், காவலுக்கு நான் ஒரு நாயையும் சேர்த்திருந்தேன். பெயர் கேட்டான், கோவிவன் என்றேன். நான் நோட்டை மூடி ஓரமாக வைத்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்று அவன்தான் முதலில் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பகடையை எடுத்து உருட்டினோம்.